ஒரே கட்சி, இரண்டு கணக்கு: மருத்துவச் செலவில் காலின்ஸும் மர்கௌஸ்கியும்

அமெரிக்க செனட்டில் குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் யார் என்று பேச்சு எழுந்தால் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டே வரும். மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், அலாஸ்காவின் லீசா மர்கௌஸ்கி. 2017-ல் சக செனட்டர் ஜான் மெக்கெய்னோடு சேர்ந்து, ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரைக் காப்பாற்றியவர்கள் என்ற அளவில் பலருக்கும் நினைவு நின்றுபோகிறது. ஆனால் மருத்துவச் செலவு தொடர்பாக இருவரும் போட்ட வாக்குகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், சேர்ந்து நின்ற இடங்களைவிடப் பிரிந்த இடங்கள்தான் சுவாரசியமாக இருக்கின்றன.

அங்கே கொறடா சொல்லை மீறினாலும் பதவி பறிபோகாது. அதனால்தான் ஒவ்வொரு செனட்டரின் வாக்குக்கும் தனி வரலாறு இருக்கிறது. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போடும் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அந்த ஒரு வாக்கு மாறியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த இருவர் விஷயத்தில் அந்தக் கேள்வி நிறையவே வெளிச்சம் தருகிறது.

காலின்ஸ் 1997 முதல் செனட்டர். மேய்னின் வட கோடியில் உள்ள கரிபூ ஊர்க்காரர், மரத்தொழில் செய்த குடும்பம். மர்கௌஸ்கி 2002-ல் வந்தவர். அப்பா ஃபிராங்க் மர்கௌஸ்கி ஆளுநரானதும், காலியான தன் செனட் இடத்துக்கு மகளையே நியமித்தார். வாரிசு என்று அப்போது எழுந்த முணுமுணுப்பு 2010-ல் அடங்கியது. கட்சியின் உட்தேர்தலில் தோற்ற மர்கௌஸ்கி, வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், மக்கள் தன் பெயரைக் கையால் எழுதி வாக்களிக்கும்படி கேட்டு ஜெயித்தார். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சுலபமான பெயரும் அல்ல அது. கட்சி கைவிட்டும் ஜெயிக்க முடியும் என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

2009-ல் ஒபாமாகேர் செனட்டுக்கு வந்தபோது இருவருமே எதிர்த்து வாக்களித்தார்கள். முதல் விரிசல் 2015 டிசம்பரில். ஒபாமாகேரின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்யும் மசோதா 52-47 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் காலின்ஸும் மார்க் கிர்க்கும் மட்டும் எதிர்த்தார்கள், மர்கௌஸ்கி ஆதரித்தார். ஒபாமா வீட்டோ போடுவார் என்று ஊருக்கே தெரியும், போடவும் செய்தார். செலவில்லாத வாக்கு அது.

2017-ல் கதை வேறு. வீட்டோ போட ஒபாமா இல்லை, கையெழுத்துப் போட டிரம்ப் காத்திருந்தார். ஜூலை 25-ல் ஒபாமாகேர் ரத்து மீதான விவாதத்தைத் தொடங்கும் தீர்மானத்தையே இருவரும் எதிர்த்தார்கள்; துணை அதிபர் பென்ஸ் வந்து 51-50 என்று முடித்துவைத்தார். அப்புறம் 28-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டிய அந்த வாக்கெடுப்பு: 49-51. படம் மெக்கெய்னுடையதுதான். ஆனால் அதற்கு முந்தைய சுற்றுகளிலும் இருவரும் அசையாமல் நின்றதால்தான் மூன்றாவது ஆளின் விரலுக்கு மதிப்பு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சும்மா ‘ஆம்’ சொன்ன மர்கௌஸ்கி, நிஜமாகவே மக்களின் காப்பீடு போகும் என்ற நிலை வந்தபோது ‘இல்லை’ என்றார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வாக்கு சுடும், எந்த வாக்கு சுடாது என்று அறிந்தவர், அவ்வளவுதான்.

சரி, அதே ஆண்டு டிசம்பரை ஏனோ பலரும் பேசுவதில்லை. வரிக் குறைப்புச் சட்டத்துக்குள், காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கும் பிரிவும் இருந்தது. ஒபாமாகேர் என்ற முக்காலியின் ஒரு காலை எடுப்பது போன்றது. அதனால் பத்தாண்டுக்குள் 1.3 கோடிப் பேரின் காப்பீடு குறையும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் அப்போது மதிப்பிட்டது. இருவரும் ஆதரித்தார்கள். மர்கௌஸ்கிக்கு, அப்பா காலத்திலிருந்து கேட்டுவந்த ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தின் எண்ணெய் துரப்பணம் அதே சட்டத்தில் எழுத்தாகக் கிடைத்தது. காலின்ஸுக்குப் பெரும்பாலும் வாக்குறுதி. பிரீமியத்தைக் குறைக்கும் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றித் தருகிறேன் என்று செனட்டில் அவர்கள் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கானல் சொன்னார்; அவை நிறைவேறவே இல்லை. மருத்துவச் செலவுக்கான வரிக்கழிவு போன்ற சில சில்லறைகளைச் சட்டத்திலேயே வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பேரம் பேசத் தெரிந்தவர் யார் என்பது அன்றே தெரிந்தது.

2018-ல் ஒரு சின்ன வாக்கெடுப்பு. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டிக் கைவிரிக்கக்கூடிய குறுகிய காலக் காப்பீட்டுத் திட்டங்களை டிரம்ப் அரசு விரிவாக்கியது. அதைத் தடுக்கும் தீர்மானம் 50-50 என்று தோற்றது. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் காலின்ஸ் ஒருவர் மட்டுமே. மர்கௌஸ்கியும் ஆதரித்திருந்தால் செனட்டில் அது தாண்டியிருக்கும்.

2022 ஆகஸ்டில் இருவரும் மறுபடி ஒரே பக்கம். தனியார் காப்பீட்டிலும் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வைப்பதை இருவரும் ஆதரித்தார்கள். 60 தேவைப்பட்ட இடத்தில் 57 வந்து அது விழுந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் மருந்து விலையை அரசே பேரம் பேசலாம், முதியோர் மருந்துக்குக் கைக்காசு ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற முழுச் சட்டத்தை, தங்கள் கட்சியினர் எல்லோரையும் போல இருவரும் எதிர்த்தார்கள்.

இனி 2025 ஜூலை 1. டிரம்பின் பெரிய வரி, செலவு மசோதா. பத்தாண்டில் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்பது பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில்தான் பெரிய வெட்டு. குடியரசுக் கட்சியில் ராண்ட் பால், டாம் டில்லிஸ், காலின்ஸ் மூவரும் எதிர்த்தார்கள். நான்காவது ஆள் எதிர்த்திருந்தால் மசோதா செத்திருக்கும். மர்கௌஸ்கி ‘ஆம்’ என்றார், 50-50, துணை அதிபர் வான்ஸ் வந்து நிறைவேற்றினார். தனக்கே மசோதா பிடிக்கவில்லை என்று மர்கௌஸ்கி நிருபர்களிடம் சொல்லவும் செய்தார். கீழவை அதைத் திருத்தும் என்று நம்பினார். இரண்டே நாளில் ஓர் எழுத்து மாறாமல் கீழவை நிறைவேற்றிவிட்டது.

காலின்ஸுக்கு மனசாட்சி, மர்கௌஸ்கிக்கு பேரம் என்று இதைச் சுருக்குவது எளிது. ஆனால் மசோதாவின் உள்ளே ஒரு பிரிவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மாநிலங்கள் மருத்துவமனைகள்மேல் ஒரு வரி போடும். அந்தப் பணத்தை மெடிகெய்டில் தங்கள் பங்காகக் காட்டி, அதற்கு ஈடான மத்திய நிதியை வாங்கி, அதே மருத்துவமனைகளுக்கு அதிகமாகத் திருப்பிக் கொடுக்கும். இந்தச் சுழற்சியில்தான் பல கிராமத்து மருத்துவமனைகள் மூச்சு விடுகின்றன. ஒபாமாகேரின்படி மெடிகெய்டில் கூடுதல் பேரைச் சேர்த்து விரிவாக்கிய மாநிலங்களில் இந்த வரியின் உச்சவரம்பை 6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.5 ஆக்குகிறது புதிய சட்டம். மேய்னுக்கு நேரடி அடி. இப்படிப்பட்ட வரியே இல்லாத ஒரே மாநிலம் அலாஸ்கா! காலின்ஸ் எதை எதிர்த்தாரோ, அது மர்கௌஸ்கியின் வாசலைத் தொடவே இல்லை.

மேலும் மர்கௌஸ்கி வெறுங்கையோடு போகவில்லை. உணவு உதவித் திட்டத்தில் தவறாகப் பணம் கொடுக்கும் மாநிலங்கள் செலவில் பங்கு கட்ட வேண்டும் என்று மசோதா சொன்னது. அந்தப் பிழை விகிதம் நாட்டிலேயே அதிகம் இருந்தது அலாஸ்காவில். பிழை மிக அதிகமுள்ள மாநிலங்களுக்கு அவகாசம் என்று விதி மாறியது. நிறையத் தப்புச் செய்தவனுக்குச் சலுகை என்ற விசித்திரம். அப்புறம் திமிங்கிலம். அலாஸ்காவின் பூர்வகுடி ஊர்களில் வேட்டைப் படகுத் தலைவர் படகு, எரிபொருள், ஆட்களின் சாப்பாடு எல்லாம் தன் கைக்காசில் பார்த்து, கிடைக்கும் இறைச்சியை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுப்பார். அதைத் தானமாகக் கருதித் தரும் வரிக்கழிவு 10,000 டாலரிலிருந்து 50,000 ஆனது. கேலி செய்தவர்கள் உண்டு. அந்த ஊர்க்காரருக்கு அது கேலி இல்லை.

காலின்ஸ் என்ன செய்தார்? கிராமத்து மருத்துவமனை நிதியை 2,500 கோடி டாலரிலிருந்து 5,000 கோடியாக்கி, அதற்குப் பெரும் பணக்காரர்மேல் வரி போடத் திருத்தம் கொண்டுவந்தார். 22-78 என்று படுதோல்வி. பணக்காரர் வரி இல்லாமல் அதே 5,000 கோடி கடைசி மசோதாவில் ஏறியது. ஒரு விஷயத்தை அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதில்லை: மூன்று நாள் முன்பு, மசோதாவை விவாதத்துக்கு எடுக்கும் வாக்கெடுப்பில் காலின்ஸ் ‘ஆம்’ என்றவர். அதுவும் 51-49.

என் தீர்ப்பு கேட்டால், மெடிகெய்டு என்ற ஒரே விஷயத்தில் காலின்ஸின் பதிவு நேரானது. 2015, 2017, 2025 மூன்றிலும் இறுதி வாக்கு ‘இல்லை’. ஆனால் 2025-ல் அவருடைய ‘இல்லை’ எதையும் நிறுத்தவில்லை. மர்கௌஸ்கியின் பதிவு வளைந்து நெளிந்தது. ஆனால் தன் வாக்கின் விலையை அவர் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை. அலாஸ்காவில் வாழ்ந்தால் அவரை வைத்துக்கொள்வேன்; வேறு 49 மாநிலங்களில் எங்கு வாழ்ந்தாலும் அந்த ஜூலை 1-ஐ மன்னிப்பது கடினம்.

2025 டிசம்பர் 11-ல் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். ஒபாமாகேர் பிரீமியத்துக்கான கூடுதல் மானியத்தை மூன்று ஆண்டு நீட்டிக்கும் ஜனநாயகக் கட்சி மசோதாவை ஆதரித்த நான்கு குடியரசுக் கட்சியினரில் இருவரும் உண்டு. 51-48; 60 வேண்டும் என்பதால் அது விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த மானியத்தைக் கொண்டுவந்த 2021 சட்டத்தையும், நீட்டித்த 2022 சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தவர்கள் இதே இருவர்.

மேய்னில் ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பாதிக்கும் அறுபது வயதுத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கூடுதல் மானியம் இருந்தவரை, மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைக்கும் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதம், அதாவது 7,225 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. 2026-ல் உதவி பெற இருவர் குடும்பத்துக்கு வருமான வரம்பு 84,600. நானூறு டாலர் தாண்டியதற்கு உதவி மொத்தமாகப் போய்விட்டது, முழு விலை. முதியவர்களிடம் இளைஞரைவிட மூன்று மடங்கு வரை வாங்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது, மேய்னோ நாட்டிலேயே சராசரி வயது அதிகமான மாநிலம். இந்த வீடுகளின் வாசலுக்குத்தான் காலின்ஸ் 2026 நவம்பரில் வாக்குக் கேட்டுப் போக வேண்டும். விரிவாக்கத்தால் மெடிகெய்டு வாங்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலை அல்லது அதுபோன்ற பணி செய்ததாகக் காட்ட வேண்டும் என்ற அதே 2025 சட்டத்தின் விதி கட்டாயமாவது, அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2027 ஜனவரி 1-ல்.