வைரத்துக்கு ஆகும், முத்துக்கு ஆகாது: வீட்டில் நகை சுத்தம் செய்ய எந்த வழி?

பற்பசையில் தொடங்குகிறேன். நான் கையைச் சுட்டுக்கொண்டது அதில்தான். கல் எதுவும் இல்லாத, வழவழப்பான ஒரு தங்க மோதிரம். பழைய பிரஷ்ஷில் பற்பசையைத் தடவி ஐந்து நிமிடம் தேய்த்தேன். கழுவியதும் பளிச்சென்றுதான் இருந்தது. மறுநாள் வெயிலில் கையைத் திருப்பிப் பார்த்தால் முகப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள். பல்லில் படிந்த கறையைத் தேய்த்தெடுக்கப் பற்பசையில் சிலிக்கா போன்ற நுண்துகள்களைச் சேர்க்கிறார்கள். கீறலை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் பல்லின் எனாமல் 5, தங்கமோ 2.5 முதல் 3 வரைதான். பல் தாங்குகிற உரசலைத் தங்கம் தாங்காது. பல்பொடிக்கும் இதே கதைதான். இரண்டையும் போட்டியிலிருந்தே தள்ளிவிடலாம்.

மிச்சம் இருப்பவற்றில் நிஜமான போட்டி சோப்புத் தண்ணீருக்கும், தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் கருவிக்கும்தான். பலரும் கருவி என்றால் ஒருபடி மேல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில், வைரம் ஏன் மங்குகிறது? வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். இந்தக் குணத்தை வைத்தே சுரங்கங்களில் வைரத்தைப் பிரித்திருக்கிறார்கள். நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு சேர்த்து கிரீஸ் பூசிய பலகைமேல் ஓடவிட்டால் மற்ற கற்கள் அடித்துக்கொண்டு போய்விடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நிற்கும். நம் விரலில் இருக்கும் வைரமும் அதையேதான் செய்கிறது: தோலின் எண்ணெய், முகக்கிரீம், கைக்குப் பூசும் லோஷன் எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதிலும் அழுக்கு சேர்வது பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கத்தில். மேலே நுழைந்த ஒளி அடிமுகங்களில் பட்டுத் திரும்பினால்தான் மினுமினுப்பு. அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் ஒளி பின்பக்கமாகக் கசிந்துவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் கல் சோம்பலாகத் தெரிவது அதனால்தான்.

இதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, இருபது நிமிட ஊறல், குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் போதும். பிரஷ் போக வேண்டியது கல்லின் அடியில், மோதிரத்தின் உட்பக்கமாக. அலசுவதைக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாஷ்பேசின் ஓட்டைக்குள் போன திருகாணி திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அல்ட்ராசோனிக் கருவி வேலை செய்யும் விதம் அழகானது, ஒப்புக்கொள்கிறேன். நொடிக்கு ஏறத்தாழ 40,000 அதிர்வுகள் தண்ணீருக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உருவாகி உருவாகி உடைகின்றன. உடையும் வேகத்தில் அழுக்கு உதிர்கிறது. சங்கிலியின் கண்ணிகளுக்குள்ளும், நெருக்கமாகப் பதித்த பொடிக்கற்களின் பின்னாலும் பிரஷ் நுழையாத இடத்துக்கெல்லாம் அது போய்விடும். ஆனால் அழுக்கை உலுக்குகிற அதிர்வு கல்லையும் உலுக்கும். தளர்ந்த கல் கழன்று விழலாம், அடுத்தடுத்துப் பதித்த கற்கள் ஒன்றோடொன்று இடித்து விளிம்பு பெயரலாம். கருவியில் போடுமுன் மோதிரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். 'டிக் டிக்' என்று கேட்டால் அது போக வேண்டிய இடம் பத்தர் வீடு, கருவி அல்ல.

மரகதம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலான மரகதங்களில் இயற்கையாகவே விரிசல்கள் உண்டு. அவை தெரியாதபடி எண்ணெயோ பிசினோ ஏற்றித்தான் விற்பனைக்கு வருகின்றன. கருவியின் அதிர்வும் சூடும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிட்டால், அதுவரை மறைந்திருந்த விரிசலெல்லாம் ஒரே நாளில் முகம் காட்டும். கண்ணாடி நிரப்பிய மாணிக்கம், ஓபல், பவளம், முத்து இவற்றையும் உள்ளே போடக்கூடாது. பின்பக்கம் மூடி உள்ளே மின்னும் தகடு வைத்துப் பதித்த கற்களுக்குக் கருவி மட்டுமல்ல, தண்ணீரில் ஊறவைப்பதே ஆபத்து. ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும். அவற்றைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக, கல்லில்லாத சங்கிலிகள் நிறைய வைத்திருப்பவருக்கும், உறுதியாகப் பதித்த வைரம் மட்டுமே அணிபவருக்கும் கருவி லாபம். பல வகைக் கல் கலந்த பெட்டி என்றால் சோப்புத் தண்ணீருக்கே என் ஓட்டு. உலோகம் எது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் நகையில் இருப்பதிலேயே பலவீனமான பொருள் எது என்றுதான் பார்க்க வேண்டும்.

நீராவிக் கருவியைப் பற்றி ஒரே வரி: திடீர்ச் சூட்டில் ஓபலும் மரகதமும் விரிசல் விடும், வீட்டுக்கு வேண்டாம்.

வெள்ளியில் கணக்கே வேறு. அங்கே எதிரி எண்ணெய் அல்ல, காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள். அவை வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் சில்வர் சல்ஃபைடுதான் நாம் பார்க்கும் கறுப்பு. இதற்கு மூன்று வழிகள் மோதுகின்றன. முக்கியெடுக்கும் ரசாயனத் திரவம் நொடிகளில் வேலையை முடிக்கும். ஆனால் அமிலம் கலந்த அந்தத் திரவம் கறுப்பைக் கரைக்கும்போது அதிலிருக்கும் வெள்ளியும் சேர்ந்தே போய்விடுகிறது. நேரம் கூடினால் பரப்பு பளபளப்பிழந்து வெளிறிப்போகும்.

அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி, நகை தாளைத் தொடும்படி வைப்பது இரண்டாவது வழி. இங்கே கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது, வெள்ளி நகையிலேயே தங்கிவிடுகிறது. அழுகின முட்டை நாற்றம் லேசாக வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், வேலை நடக்கிறது என்று அர்த்தம். கல்லில்லாத சாதா வெள்ளிக்கு இதுவே என் முதல் தேர்வு.

ஆனால் வேலைப்பாடுள்ள வெள்ளியில் இந்த இரண்டும் தோற்கின்றன. பூ, கொடி எடுப்பாகத் தெரியட்டும் என்று பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றியிருப்பார்கள். திரவமும் தாளும் அழுக்குக் கறுப்பு எது, அழகுக் கறுப்பு எது என்று பிரித்துப் பார்க்காது. மூன்றாவது வழியான பாலிஷ் துணி மேட்டை மட்டும் தேய்த்துப் பள்ளத்தை விட்டுவிடும். தேய்க்கும்போது கொஞ்சம் வெள்ளி போகத்தான் செய்யும், ஆனாலும் அந்த வகை நகைக்குத் துணியே மேல்.

அதே துணியை வெள்ளைத் தங்கத்தில் போடாதீர்கள். அதன் வெண்மை பெரும்பாலும் மேலே ஏற்றிய ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் மெல்லிய முலாம். மருந்தேற்றிய பாலிஷ் துணியிலுள்ள தேய்ப்பான் அதைத் தேய்க்கத் தேய்க்க அடியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். முலாம் பூசிய எந்த நகைக்கும் வெறும் மைக்ரோஃபைபர் துணி போதும். அப்புறம், குளோரின் பிளீச்சைத் தங்கத்தின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. முக்கியமாக, நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் கல்லைப் பிடித்திருக்கும் கவ்விகள் குளோரின் பட்டு விரிசல் விடலாம். நீச்சல்குளத்துக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றிவைக்கச் சொல்வது அதனால்தான்.

முத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; லேசான அமிலமும் அதை அரிக்கும், வியர்வைகூட விட்டுவைக்காது. கழற்றியதும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் முக்கினால் கோத்த நூல் ஈரமாகி நீளும். தொங்கவிடாமல் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

எடுத்துவைப்பதிலும் இந்த முரண்பாடு தொடர்கிறது. வெள்ளிக்குக் காற்றுப்புகாத பை நல்லது. முத்தையும் ஓபலையும் வறண்ட, இறுக மூடிய பையில் வருடக்கணக்கில் வைத்தால் ஈரப்பதம் இழந்து நுண்விரிசல் விழக்கூடும், அவற்றுக்கு மெல்லிய துணிப்பை. வைரம் பக்கத்தில் கிடக்கும் எதையும் கீறும், இன்னொரு வைரத்தையும்கூட. ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் கொட்டிவைக்கிற பழக்கம் பற்பசையைவிட மோசம்.

சரி, என் மோதிரம்? மெருகு போட்டால் கீறல் மறைந்துவிடும். மெருகு என்பதும் மேல்பரப்பைத் தேய்த்தெடுப்பதுதான், ஒவ்வொரு முறையும் துளித் தங்கம் போகும். இப்போதைக்குக் கீறலோடே போட்டுக்கொண்டிருக்கிறேன்.