பீலி ஒழுகினால் சிலிகானா, பியூட்டைல் டேப்பா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் விறாந்தைக்கு மேலே, கூரைத் தண்ணீரை ஏந்தி ஓடுவது நாகமுலாம் பூசிய தகரப் பீலி. மூன்று துண்டு, இரண்டு மூட்டு. இரண்டுமே ஒழுகின. முதலில் சிலிகான் பூசினேன். அடுத்த மாரியிலேயே விட்டுவிட்டது. பிறகு பியூட்டைல் டேப் ஒட்டினேன்; அலுமினியத் தாளின் அடியில் பசையான றப்பர் படிந்த பட்டி அது. இரண்டு மாரி தாண்டியும் ஒரு சொட்டு இல்லை. ஆகவே நான் டேப் பக்கம்.

எதை வாங்குவதானாலும் முதலில் ஒழுகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மழையில் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே ஓடி, இரண்டடி தள்ளிச் சொட்டும். வெயில் நாளில் வேப்பஞ்சருகை அள்ளிவிட்டு, மேட்டுப் பக்கத்திலிருந்து குழாயால் மெல்லத் தண்ணீர் விடுங்கள். கீழே ஒருவர் சுண்ணக்கட்டியோடு நின்று, முதல் துளி திரளும் இடத்தில் கோடு போடட்டும். சருகை அள்ளியதுமே நின்றுவிட்டால் அது ஒழுக்கு இல்லை, அடைத்து வழிந்த தண்ணீர். தண்ணீர் தேங்கினால் வாட்டம் போதவில்லை. 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிட அந்தத் தேக்கமே போதும், தள்ளிப்போடாதீர்கள்.

விலையும் கடையில் கிடைப்பதும் சிலிகானுக்குச் சாதகம். ஆணித் துளை, மூலை வளைவு இரண்டுக்கும் இன்றைக்கும் அதைத்தான் பூசுவேன். டேப் அங்கே மடிந்துவிடும். ஆனால் ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். வினாகிரி மணம் அடிக்கும் வகை காயும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. அது நாகமுலாமை அரிக்கும். நான் முதலில் பூசியது அதுதான். உரித்தபோது அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

என்னை மாற வைத்தது மறுபடி செய்யும் வேலை. எந்தப் பூச்சும் என்றைக்கோ ஒருநாள் விடும். காய்ந்த சிலிகான்மீது புதுச் சிலிகான் சரியாகப் பிடிக்காது. பழையதைத் துளி விடாமல் சுரண்ட வேண்டும். ஏணியில் நின்று, விளிம்பில் கை கிழியாமல் இரண்டு மூட்டைச் சுரண்ட ஒரு முழுக் காலை போனது. பிறகு காய ஒரு நாளாவது மழை படக்கூடாது. கார்த்திகையில் அப்படி ஒரு நாளுக்கு எங்கே போவது? டேப்புக்குக் காயும் நேரமே இல்லை. ஓரம் கிளம்பினால் துடைத்துவிட்டு மேலேயே இன்னொரு துண்டு ஒட்டலாம்.

ஒட்டுவது பீலியின் உட்பக்கம். வெளியே ஒட்டினால் தண்ணீர் தள்ளிவிடும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முற்றாக உலர்ந்தபின் 4 அங்குல அகல டேப்பை மூட்டின்மேல் குறுக்கே வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலே உள்ள அலுமினியத் தாளில் மூட்டின் விளிம்பு அச்சாகத் தெரிந்தால் சரி.

ஐந்து வருடம் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிவிசி பீலிக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது. 4 மீற்றர் துண்டு, 30 பாகை சூட்டு வித்தியாசத்தில் 7 மில்லிமீற்றர் வரை நீளும். டேப்போ சிலிகானோ, அந்த இழுவையில் கிளம்பிவிடும். அங்கே மூட்டுக்குள் இருக்கும் றப்பர் சீலைக் கழற்றி மாற்றுங்கள்.