வேப்ப வாசம் அடிச்சா வேப்ப மருந்து ஆகிடாது

ஏற்றுமதிக்குக் காய் கொடுக்கிறவங்க யாராச்சும் 'மூலிகைப் பூச்சி விரட்டி'ன்னு பில் இல்லாம பாட்டில் வாங்கி வச்சிருந்தா, டேங்குல ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க.

முக்கால் ஏக்கர் வெண்டை. ஐரோப்பாவுக்கு அனுப்புறவர் ரசாயன மருந்தே கூடாதுன்னுட்டார். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், விட்டா முத்திடும். மருந்தடிச்சிட்டு வாரக்கணக்குல காத்திருக்கவா முடியும்? அதனால மஞ்சள் ஒட்டுப்பொறி, காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பைச் சுத்தி மக்காச்சோளம், வேப்பங்கொட்டைச் சாறுன்னு ஓட்டினேன். சொத்தைக் காயைக் கிள்ளிப் புதைச்சேன். புழு கட்டுக்குள்ள இருந்துச்சு. தத்துப்பூச்சிதான் அடங்கல, இலை ஓரம் மஞ்சளடிச்சுச் சுருண்டுச்சு.

மருந்துக்கடையில, "சுத்த மூலிகைண்ணே, எக்ஸ்போர்ட் காய்க்கே இதைத்தான் அடிக்கிறாங்க"ன்னு ஒரு பாட்டில் எடுத்து வச்சார். வேப்ப வாசம் அடிச்சுது. பில் கேட்டதுக்கு, "நமக்குள்ள எதுக்குண்ணே". காலையில அடிச்சேன். சாயங்காலம் ஒரு தத்துப்பூச்சி இல்ல! செடிக்கடியில, கெட்ட பூச்சியைத் தின்னுற பொறிவண்டும் சிலந்தியும் மல்லாந்து கிடந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கல. வேம்பு அப்படிப் பொழுதுக்குள்ள கொல்லாது. தின்ன விடாது, தோலுரிக்க விடாது, நாள் பிடிக்கும்.

காய் லேப்புக்குப் போச்சு. குளோர்பைரிபாஸ்ங்கிற ரசாயனப் பூச்சிமருந்து இருக்குன்னு வந்துச்சு. ஐரோப்பிய யூனியன் 2020லயே ஒதுக்கின மருந்து. அங்க விடுற அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 டன் காய்க்கு 1 கிராம். அந்த லோடு அப்படியே உள்ளூர் மார்க்கெட்டுல கேட்ட விலைக்குப் போச்சு. (வாங்கித் தின்னது நம்ம சனந்தானே, அதுதான் இன்னும் கூசுது.)

கடையில போய்க் கேட்டா, "பூச்சிமருந்துன்னு எங்கண்ணே போட்டிருக்கு?"ங்கிறார். போடலதான். 'பயிர் ஊக்கி'ன்னு இருந்துச்சு, பெருசா ஒரு இலை படம். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விக்கிற மருந்துன்னா லேபிள்ல பதிவு எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, நச்சு அளவைக் காட்டுற வண்ணக் கட்டம் எல்லாம் இருக்கணும். அசாடிராக்டின் (வேம்புல இருக்கிற சத்து), பெவேரியா (பூச்சியைக் கொல்ற பூஞ்சை) மாதிரி உயிரி மருந்துக்கும் பதிவு உண்டு. இதைப் புரட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் பார்க்கல.

பொறிவண்டு திரும்ப வர்றதுக்குள்ள அசுவினிப் பூச்சி ஏறிடுச்சு. ஏற்றுமதிக்காரர் "அடுத்த சீசன் பார்ப்போம்"னுட்டார். மிச்ச அரை பாட்டிலை மோட்டார் ரூம்ல பூட்டி வச்சிருக்கேன், எங்க கொட்டுறதுன்னு தெரியல.