‘திங்க் அகெய்ன்’ தர்க்கப் பாடம்: தமிழில் யோசிக்கிறவருக்கு எவ்வளவு உதவும்?

வாதத்தைப் பிரித்து மேயக் கற்றுத்தரும் இணையப் பாடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், கோர்செரா இணையக் கல்வித் தளத்தில் இருக்கும் ‘திங்க் அகெய்ன்’ வரிசையைத் தயங்காமல் சொல்லலாம். 2012-ல் ஒரே நீண்ட பாடமாக வந்தது, பிறகு நான்கு சிறு பாடங்களாகப் பிரிக்கப்பட்டது. வாதத்தைப் புரிந்துகொள்வது, உய்த்தறிதல் (காரணங்கள் உண்மையானால் முடிவும் கட்டாயம் உண்மையாகும் வாதம்), தொகுத்தறிதல் (முடிவுக்கு வலு மட்டும் சேர்க்கும் வாதம்), போலி வாதங்களைத் தவிர்ப்பது என்பது வரிசை. டியூக் பல்கலைக்கழகத்தின் வால்டர் சினாட்-ஆம்ஸ்ட்ராங், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ராம் நேட்டா என்று இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். கணிதப் பின்னணி எதுவும் தேவையில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. நமக்கு இருக்கும் உண்மையான சிக்கலும் அங்கேதான், அதைப் பின்னால் பார்ப்போம்.

நான்கில் மிகச் சிறந்தது முதல் பாடம். இங்கே வாதம் என்றால் சண்டை இல்லை. சில கூற்றுகளைக் காரணமாக வைத்து இன்னொரு கூற்றை ஏற்கச் சொல்வதுதான் வாதம். காரணமாக வைக்கப்படுபவை எடுகூற்றுகள், ஏற்கச் சொல்வது முடிவு. இதைச் சொல்லிவிட்டு, ஒரு பத்தியை எடுத்துச் சொல் சொல்லாக மேலே குறியிட வைக்கிறார்கள். எடுகூற்றைக் காட்டும் சொல், முடிவைக் காட்டும் சொல், உறுதியூட்டும் சொல், அடக்கி வாசிக்கும் சொல், எதிர்க்கருத்தைத் தள்ளிவைக்கும் சொல், நல்லது கெட்டது என்று மதிப்பிடும் சொல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. யூட்டா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதை எதிர்த்து நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் எழுதிய நாளிதழ்க் கட்டுரையை இப்படி வரிவரியாகப் பிரித்துக் காட்டும் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். விரிவுரைக்கு முன்பே நீங்களாக ஒருமுறை குறியிட்டுவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறுமனே கேட்டுக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கையில் ஒன்றும் நிற்காது.

இப்போது அந்தச் சிக்கல். ஆங்கிலத்தில் இந்தக் குறிகள் பெரும்பாலும் தனிச் சொற்கள். தமிழில் பாதிக்குமேல் விகுதியில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஏனெனில்’ என்பவற்றை மட்டும் தேடினால் பேச்சுத் தமிழிலும் செய்தித் தமிழிலும் பாதி வாதங்கள் கண்ணில் படாமலே போய்விடும். ‘மழை பெய்ததால் தரை நனைந்தது’, ‘மழை பெய்தால் தரை நனையும்’ என்ற இரண்டையும் பாருங்கள். பெய்ததால், பெய்தால்: நடுவில் ஒரு ‘த’ மட்டும்தான் வித்தியாசம். முதலாவது, மழை பெய்தது என்றே சொல்கிறது. இரண்டாவது மழை பெய்ததாக எங்கும் சொல்லவில்லை, ‘பெய்தால்’ என்ற நிபந்தனையை மட்டும் வைக்கிறது. வேகமாக வாசிக்கிறவர்கள் நிபந்தனையை நடந்த செய்தியாக எடுத்துக்கொள்ளும் இடம் இது.

‘தான்’ இன்னும் முக்கியம். ‘அட்டை இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்றால் அட்டை போதும். ‘அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்’ என்றால் அட்டை வேண்டும், ஆனால் அது மட்டும் போதும் என்று சொல்லவில்லை. போதுமான நிபந்தனைக்கும் தேவையான நிபந்தனைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரியவைக்க விரிவுரையில் நிறைய நேரம் போகிறது. தமிழில் ஓர் அசை அதைச் செய்துவிடுகிறது. ‘தானே’ வந்தால் அது உறுதியூட்டும் குறி. ‘எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று வரும் இடத்தில் சான்று இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ‘லாம்’ இரண்டு வேலை செய்யும்: ‘மழை வரலாம்’ என்பது அடக்கி வாசிப்பது, ‘உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. குறியிடும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பயிற்சிக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் வகையில் ஒரு வரி: ‘இந்தக் கஷாயத்தை நம் முன்னோர் காலங்காலமாகக் குடித்தார்கள்தானே, பக்கவிளைவே இல்லாததால் குழந்தைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.’ ‘தானே’ உறுதியூட்டுகிறது. ‘இல்லாததால்’ எடுகூற்றைக் காட்டுகிறது. ‘கொடுக்கலாம்’ முடிவு, இங்கே அது அனுமதி. இப்போது பாடத்தில் சொல்லும் முறைப்படி எடுகூற்றுகளுக்கு எண் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே முடிவை எழுதுங்கள். உடனே இரண்டு ஓட்டைகள் தெரியும். நெடுங்காலம் குடித்தார்கள் என்பதிலிருந்து பக்கவிளைவு இல்லை என்பதற்குப் போக ஒரு படி வேண்டும். பெரியவர்களுக்குத் தீங்கில்லை என்பதிலிருந்து குழந்தைகளுக்குத் தீங்கில்லை என்பதற்குப் போக இன்னொரு படி வேண்டும். இரண்டும் சொல்லப்படவே இல்லை. அவற்றை வெளியே எடுத்து எழுதும்போது நம் வாய்க்கு வந்ததையெல்லாம் எதிராளி தலையில் கட்டாமல், வாதம் நிற்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் சேர்க்க வேண்டும். முதல் பாடத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. குறையும் இங்கேதான்: வினாத்தேர்வுகள் பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. நீங்களே எழுதிய மறுகட்டமைப்பு சரியா என்று அவற்றால் சொல்ல முடியாது. இன்னொருவரோடு சேர்ந்து படித்து, இருவரும் தனித்தனியாக எழுதி மாற்றிப் பார்த்துக்கொண்டால் இந்தக் குறை தீரும்.

இரண்டாவது பாடத்துக்குக் கட்டம் போட்ட நோட்டு வேண்டும். கூற்றுகள் உண்மையாகவோ பொய்யாகவோ அமையக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசை வரிசையாக எழுதுவதுதான் உண்மை அட்டவணை. அதில் இரண்டு கூற்றென்றால் 4 வரிசை, மூன்றென்றால் 8, நான்கென்றால் 16. அட்டவணை போட்ட பிறகு தேட வேண்டியது ஒன்றுதான்: எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து முடிவு பொய்யாகும் வரிசை. ஒன்று கிடைத்தாலும் வாதம் செல்லாது. ‘மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது’ என்பதில் மழை பொய், நனைந்தது உண்மை என்ற வரிசையைப் பாருங்கள், வாதம் அங்கே விழுந்துவிடும். யாரோ வாசல் தெளித்திருக்கலாம். பலர் தடுக்கி விழுவது, நிபந்தனையின் முன்பகுதி பொய்யானால் முழு நிபந்தனையும் உண்மை என்று கொள்ளும் விதியில். அதை இயல்பான பேச்சோடு பொருத்தப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ‘முன்பகுதி உண்மையாகிப் பின்பகுதி பொய்யாவதை மட்டும் தடுக்கும் கூற்று’ என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகப் போகும்.

அடுத்து வருவது வட்டப் படங்கள்: ஒவ்வொரு வகைக்கும் ஒரு வட்டம், எதுவும் இல்லாத பகுதிக்கு நிழல், ஏதோ ஒன்று இருக்கும் பகுதிக்குப் புள்ளி. இதில் செய்யும் வரிசை முக்கியம். ‘எல்லா’, ‘எதுவும் இல்லை’ என்று வரும் எடுகூற்றை முதலில் நிழலிட வேண்டும். ‘சில’ என்று வருவதற்கான புள்ளியைப் பிறகுதான் வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் புள்ளியை எந்தப் பகுதியில் வைப்பது என்று தெரியாமல் கோட்டின் மேலே நிற்கும். தமிழில் இதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ‘எல்லா மாணவர்களும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வரவில்லையா? இரண்டுக்கும் படம் வேறு. படம் போடுமுன் ‘ஒருவரும் வரவில்லை’ என்றோ ‘சிலர் வரவில்லை’ என்றோ மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடத்தில் காரணகாரியப் பகுதி அன்றாடம் பயன்படும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட மூவரை எடுங்கள். அத்தை சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டார், வயிற்றுவலி. மாமா சாம்பார் மட்டும், வலி இல்லை. தம்பி பாயசம் மட்டும், வலி. சாம்பார் இருந்தும் மாமாவுக்கு வலி இல்லை, ஆகவே சாம்பார் போதுமானதல்ல. சாம்பார் இல்லாமலே தம்பிக்கு வலி, ஆகவே தேவையானதும் அல்ல. பாயசம் இரண்டு சோதனையிலும் தப்பி நிற்கிறது. அவ்வளவுதான், அதுவே காரணம் என்று ஆகிவிடவில்லை. அத்தையும் தம்பியும் குடித்த தண்ணீர் பட்டியலிலேயே இல்லாமல் போயிருக்கலாம்.

நிகழ்தகவுப் பகுதியில் வேகம் கொஞ்சம் அதிகம். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் ஆட்களை எண்ணிப் பாருங்கள். 10,000 பேரில் 1% பேருக்கு, அதாவது 100 பேருக்கு ஒரு நோய். சோதனை அதில் 90% பேரைப் பிடிக்கும்: 90 பேர். நோய் இல்லாத 9,900 பேரில் 5% பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும்: 495 பேர். ‘இருக்கிறது’ என்று வந்தவர் மொத்தம் 585. அதில் உண்மையில் நோயுள்ளவர் 90, ஏறத்தாழ 15%. ‘90% சரியான சோதனை’ என்று கேட்டதும் மனம் 90-க்குத் தாவிவிடும். அந்தத் தாவலைத் தடுப்பதற்காகவாவது இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

நான்காவதில் இருந்து தொடங்காதீர்கள். போலி வாதங்களின் பெயர்கள் சுவையானவை, அவற்றை மட்டும் கற்றவர் அடுத்தவர் பேச்சில் பெயர் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார். ஆளைத் தாக்கும் வாதத்தை இங்கே மூன்றாகப் பிரிப்பது அருமை: சொன்னவர் இப்படிப்பட்டவர், அதனால் சொன்னது பொய் என்பது ஒன்று; அவருக்குப் பேச உரிமையில்லை என்பது இன்னொன்று; அவர் சொல்வதை நம்பக் காரணமில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது பல நேரம் நியாயமானது. லஞ்சம் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்பவரின் சொல்லை நம்ப மறுப்பது போலி வாதம் அல்ல. ஆனால் அவர் சொன்னது பொய் என்று அதிலிருந்தே முடிவுகட்டினால் அது முதல் வகைக்குத் தாவிவிடும்.

இந்திய அளவையியல், அதாவது நம் தர்க்க மரபு, இதில் இல்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வரும் மலை நெருப்புடைத்து, புகையுடைமையால், அடுக்களை போல என்ற வாதத்தை இரண்டாவது பாடம் முடித்த பிறகு எடுத்து எண் போட்டு எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டு ஏன் வாதத்தின் உறுப்பாகவே வைக்கப்பட்டது என்ற கேள்வி அப்போது தானாக எழும். கலைச்சொற்களுக்கு இலங்கை உயர்தர வகுப்பின் அளவையியல் பாடநூல்கள் கைகொடுக்கும், எடுகூற்று, உய்த்தறிதல் போன்ற சொற்கள் அங்கே நன்றாகப் புழங்குகின்றன.

கட்டணத்தைச் சேரும்போது பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோர்செராவில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. பணமோ நேரமோ ஒரு பாடத்துக்குத்தான் என்றால் முதலாவதை எடுங்கள். இரண்டென்றால் இரண்டாவதையும் சேர்த்து, நாளுக்கு ஒரு தமிழ்த் தலையங்கத்தைப் பென்சிலால் குறியிட்டு வாருங்கள்.