மலை வேட்டைக்கு எந்த முக்காலி, எந்த பைனாகுலர்?

ஏற்றம் ஏறி முடித்த மூச்சோடு உட்கார்ந்து 10×42 பைனாகுலரை (10 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மில்லிமீட்டர்) கையில் பிடித்து எதிர்ச் சரிவைப் பாருங்கள். நாடி துடிக்கத் துடிக்கப் படமும் துள்ளும். அதையே முக்காலியில் மாட்டிப் பாருங்கள். இவ்வளவு நேரம் பாறை என்று தாண்டிப் போன ஒன்றில் ஒரு காது அசையும். அதனால்தான் நான் முதலில் முக்காலிக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன், அப்புறம்தான் லென்ஸுக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரி, 10×42-ஆ, 15×56-ஆ? முன்னது சுமார் 800 கிராம்; மார்பில் தொங்கினாலும் நடக்கும்போது உறுத்தாது. 1,000 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 110 மீட்டர் அகலம் தெரியும். பின்னது ஒரு கிலோவைத் தாண்டும், பார்வை அகலமும் 80 மீட்டருக்குள் சுருங்கிவிடும், முக்காலி இல்லாமல் அதனால் பயனே இல்லை. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து பெரிய பள்ளத்தாக்கை மணிக்கணக்கில் அலசுவதென்றால் 15-க்கு நிகர் இல்லை. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் கண் களைக்காது. தினமும் முகாமை மாற்றி நடப்பவருக்கு 10 போதும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, வேறு வேலைக்கு. விலங்கைத் தேட அல்ல, கண்டதை எடைபோட: கொம்பின் நீளம், வயது, ஆணா பெண்ணா. முன்லென்ஸ் 65 மில்லிமீட்டர் உள்ள ஸ்கோப் சுமார் ஒன்றரை கிலோ, 85 இரண்டு கிலோவை ஒட்டி வரும். பெரியதன் லாபம் விடியலிலும் அந்தியிலும்தான் தெரியும். 60 மடங்கில் 65-இலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.1 மில்லிமீட்டர்தான், 85-இல் 1.4. நடுப்பகலில் சரிவு சூடேறிக் கானல் நெளியத் தொடங்கினால் இரண்டுமே 30 மடங்குக்கு மேல் குழம்பும். அப்போது அந்த அரை கிலோவைச் சுமந்ததற்கு எந்தப் பலனும் கிடைக்காது. முதுகில் சுமந்து போகும் வேட்டைக்கு 65 என்பேன்.

இனி கால்கள். கார்பன் ஃபைபர் அலுமினியத்தைவிட இலேசு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், உறைபனிக் காலையில் வெறுங்கையால் பிடித்தாலும் சுள்ளென்று சுடாது. அலுமினியம் விலை குறைவு, அடிபட்டால் நசுங்கும், வளையும்; கார்பன் விரிசல் விடும். நெடுநடைக்கு கார்பனுக்கே என் வாக்கு. ஆனால் இலேசுக்காக விரல் தடிமன் கால்களை வாங்காதீர்கள். மடித்தால் குட்டையாக இருக்கட்டும் என்று ஐந்து துண்டுக் கால் வாங்கினால் கடைசித் துண்டு மூங்கில் குச்சிதான், காற்றில் நடுங்கும். நடுத்தண்டை உயர்த்துவதும் அதே கதை. உட்கார்ந்து பார்க்கும் உயரம் போதும் என்பவருக்கு நடுத்தண்டே தேவையில்லை. காற்று வீசினால் முதுகுப்பையைக் கொக்கியில் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் ஊசலாடினால் முக்காலியையும் சேர்த்து ஆட்டும்.

தலைப்பகுதியில்தான் நான் சூடு பட்டேன். எடை மிச்சம் என்று பால் ஹெட் (உருண்டை மேல் எல்லாப் பக்கமும் சாயும் தலை) வாங்கினேன். ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் ஸ்கோப்பின் மூக்கு பொத்தென்று சாயும், பார்த்த இடம் தொலைந்துபோகும். மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் ஆடு மேட்டைத் தாண்டியிருக்கும். கைப்பிடியோடு கூடிய பான் ஹெட் (பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் தனித்தனியே நகரும் தலை) சற்று கனம், ஆனால் சரிவை வரிவரியாக, உழவன் ஏர் ஓட்டுவதுபோல் இடமிருந்து வலம் நகர்த்தலாம். திரவ உராய்வு உள்ளதென்றால் இன்னும் சுகம்.

பைனாகுலருக்கும் ஸ்கோப்புக்கும் ஒரே வகை பிளேட் (முக்காலித் தலையில் மாட்டும் தகடு) போட்டுவிடுங்கள், நொடியில் மாற்றலாம். அந்த பிளேட்டின் திருகு மலையில்தான் தளரும். அதற்கான ஆலன் கீயை முக்காலிக் காலிலேயே டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன்.