ஆப்பிரிக்க எருமை வேட்டைக்குப் பழைய ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள் (5,200 டாலர் போச்சு)

கை இன்னும் நடுங்குகிறது, கோபத்தில். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாகப் பன்றி, மான் வேட்டைக்குப் போய்க்கொண்டிருப்பவன். இந்த வருடம் தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ பக்கம் கேப் எருமைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. எழுநூறு கிலோவுக்கு மேல் வரும் மிருகம், அடிபட்டால் ஓடாமல் புதருக்குள் நின்று காத்திருக்கும் என்பார்கள். என்னிடம் இருக்கும் .308 ரைஃபிளை (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்க முடியாது. பெரும்பாலான இடங்களில் சட்டமும் விடாது, .375 அல்லது அதை ஒட்டிய அளவுதான் கீழ்வரம்பு.

பழைய துப்பாக்கிகளை இணையத்தில் விற்கும் ஒரு கடை. வேறு மாநிலம். பெயர் போட மாட்டேன், வக்கீல் தொல்லை வேண்டாம். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவுக்கானது, "எல்லாம் ஒரிஜினல், அப்படியே ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போகலாம்" என்று போட்டிருந்தார்கள். விலை 5,200 டாலர். நம்ம ஊர்ப் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல்.

நான் எங்கே ஏமாந்தேன் தெரியுமா? போனில். முதலில் நான் கேட்டது அதே கடையில் இருந்த 7,000 டாலர் .416 ரிக்பியைத்தான், அதைவிடப் பெரிய தோட்டா. கடைக்காரர் விற்கவே மாட்டேன் என்றார்! "முதல் எருமையா? அது வேண்டாம், சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து டிரிகரைப் பிடுங்குவீர்கள், குறி தப்பும். .375-இல் 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டு போதும், 1912-இலிருந்து அதுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது" என்று ஐம்பது நிமிடம் அப்பா மாதிரிப் பேசினார். விலை கூடின பொருளை வேண்டாம் என்று சொல்கிறவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்ன அறிவுரை அத்தனையும் சரி. துப்பாக்கிதான் சொத்தை.

கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்றார். 156 டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று வங்கியிலிருந்து நேராக அனுப்பினேன். இப்போது பணத்தைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்று வங்கியில் கேட்டால் சிரிக்காத குறைதான்.

துப்பாக்கி விற்க லைசென்ஸ் உள்ள உள்ளூர் கடைக்கு வந்து சேர்ந்தது, பார்க்க அழகு. மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்கக் கூடாது. அதுதான் விதி. சுடாமல் எப்படி ஐயா தெரியும்? நான்காம் நாள் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். பதினோராவது தோட்டா சுட்டேன், போல்ட்டை (தோட்டாவை ஏற்றி இறக்கும் இரும்புத் தண்டு) இழுத்தேன், சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி வெளியே வரவில்லை. உள்ளேயே சிக்கிக்கொண்டது, அது தெரியாமல் அடுத்த தோட்டாவை அதன் பின்னால் திணித்துவிட்டேன். இந்தப் பழைய மாடலுக்கு இவ்வளவு விலை கொடுப்பதே எதற்காக? மேகசினிலிருந்து தோட்டா ஏறும்போதே அதன் அடி விளிம்பைக் கொக்கி பிடித்துக்கொள்ளும், சுட்டு முடித்து வெளியே வீசும்வரை விடாது, அந்த நம்பிக்கைக்காகத்தான். முப்பது அடியில் எருமை வரும்போது இது நடந்திருந்தால் இந்தப் பதிவை என் மனைவிதான் போட்டிருப்பாள்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார், அடியில் ஊசியால் கீறின மாதிரி ஒரு எண். துப்பாக்கியின் எண் வேறு. .30-06 போன்ற சின்னத் தோட்டாவுக்கான போல்ட், அதன் முகத்தைக் கடைந்து அகலமாக்கியிருக்கிறார்கள், கொக்கியை மாற்றவே இல்லை. அதோடு முடிந்ததா? துப்பாக்கியின் மரக் கட்டையில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய விரிசல், பசை போட்டு மேலே வார்னிஷ் அடித்து மறைத்தது, பதினோரு உதையில் மறுபடி வாய் பிளந்திருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில் "உங்கள் தோட்டா சரியில்லை". கம்பெனித் தோட்டா என்றேன். "அந்த உதைக்கு ஒரு உடல்வாகு வேண்டும் சார்" என்றார், அந்த அப்பா மாதிரிப் பேசின அதே ஆள்! இரண்டாவது தடவை ஒரு பெண் எடுத்து, அவர் கண்காட்சிக்குப் போயிருக்கிறார், திங்கள் வருவார் என்றார். எந்தத் திங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எட்டுப் படம் எடுத்து அனுப்பினேன், கன்ஸ்மித் கையெழுத்துப் போட்ட குறிப்போடு. வந்தது இரண்டே வரி: சுட்ட துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதில்லை, விதிகளைப் படிக்கவும். 5,200 டாலருக்கு இரண்டு வரி.

இதற்கிடையே அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது கேள்வி வராமல் இருக்க 4457 படிவத்தில் இந்த எண்ணை எழுதி முத்திரையும் வாங்கி வைத்துவிட்டேன். அதுவும் வீண்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. போல்ட் அடியில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். சுடக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அந்த மூன்று நாளுக்குள்ளேயே கன்ஸ்மித்திடம் காட்டுங்கள், கட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டில் கட்டுங்கள், 3 சதவீதம் போனால் போகட்டும். கிளம்ப இரண்டு மாதமாவது இருக்கும்போது வாங்குங்கள், என்னைப் போல் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

நேற்று ராத்திரி லிம்போபோவில் என்னைக் கூட்டிப் போகப் போகும் வேட்டைக்காரருக்கு விஷயத்தை எழுதினேன். காலையில் பதில். முகாமில் ஒரு .375 இருக்கிறதாம், அவரே வருடக்கணக்கில் சுட்டதாம், நாள் வாடகை கொடுத்தால் போதுமாம், "ஏன் முதலிலேயே கேட்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.