கால்வெஸ்டன் விரிகுடாவில் கேட்டலினா 22: எட்டு வருடம் ஓட்டிய பிறகு

ஹூஸ்டன் பக்கம் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமை நாலைந்து மணி நேரம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பாய்மரப் படகில் போய்வர ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய கேட்டலினா 22 தாராளமாகப் போதும். புதுப் படகுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கீலை, அதாவது படகின் அடியில் தொங்கும் கனத்த தகட்டை, ஏற்றி இறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்த விரிகுடாவுக்கு அதுதான் பொருந்தும். படகில் அதிக கவனம் கேட்கும் பாகமும் அதுவேதான்.

ஃபிராங்க் பட்லர் 1969-இல் வடிவமைத்த படகு இது. 15,000-க்கு மேல் கட்டப்பட்டதால் உதிரி பாகம் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். பாய்மரம் நிறுத்தி, கயிறுகள் கட்டி, தண்ணீரில் இறக்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மரத்தை நிமிர்த்துவதற்கு முன்னால் ஒருமுறை மேலே பாருங்கள். படகை இறக்கும் சரிவுத் தளமான ரேம்ப் பக்கம் மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் அலுமினிய மரத்தைத் தூக்கவே கூடாது.

கீல் என்றதும் கதவுக் கீல் நினைவுக்கு வரலாம். இங்கே கீல் என்பது நம் மரக்கலங்களில் ஏரா என்ற அடிமரம் இருக்கும் இடத்தில் தொங்கும் இரும்புத் தகடு, சுமார் 250 கிலோ. முன்முனையில் ஒரு தடித்த ஆணியில் மாட்டியிருக்கிறது, பின்முனையை ஒரு எஃகுக் கம்பி தூக்கிப் பிடிக்கிறது. கேபின் படிக்குக் கீழே உள்ள வின்ச்சை, அதாவது கம்பி சுற்றும் கை உருளையை, சுற்றினால் தகடு மேலே போகும். இறக்கினால் படகுக்கு 5 அடி ஆழம் வேண்டும், ஏற்றினால் 2 அடி போதும். விரிகுடாவின் சராசரி ஆழமே 7 அடி சொச்சம்தான் என்பதால் இந்த வித்தியாசம் பெரிய விஷயம். சேற்றில் தட்டினால் கீல் தானாக மேலே மடங்கும், கம்பி தொய்யும். உடனே பாயைத் தளர்த்தி, கீலைப் பாதி ஏற்றி, வந்த வழியே திரும்பிவிடலாம். நிலைக் கீல் படகு அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கீலை முழுக்க ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு ஆழமாக இருப்பது சுக்கான்தான். அடுத்த தட்டு அதன்மேல்தான் விழும்.

கம்பி அறுந்தால் 250 கிலோவும் ஒரே வீச்சில் கீழே விழும். கீல் அறையின் சுவர் வெடித்து தண்ணீர் உள்ளே வரலாம். அதனால் சீசன் தொடங்கும்போது கம்பியை முழுக்க வெளியே எடுத்து, ஒரு டிஷ்யூ காகிதத்தால் பிடித்து மேலிருந்து கீழ்வரை உருவிப் பாருங்கள். காகிதம் எங்காவது சிக்கினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. ஓர் இழைதானே என்று விடாமல் முழுக் கம்பியையும் மாற்றுங்கள். கம்பி கீலோடு சேரும் இடத்து ஆணியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் கையளவு நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கும். படகை மூழ்கடிக்கக்கூடியது அந்தக் குழாய்! வெடிப்பு விட்டால் கடல்நீர் நேரே கேபினுக்குள் வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுக் குழாய் போட்டு, ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் இறுக்குங்கள். செலவு மிகக் குறைவு.

இறக்கும்போது வின்ச் கைப்பிடியைக் கையிலிருந்து விடாதீர்கள். தானாகச் சுழன்றால் மணிக்கட்டு எலும்பு போய்விடும். கேபினுக்குள் கீலைப் பூட்டும் போல்ட் ஒன்று இருக்கும். ஆழமில்லாத இடத்தில் அதை இறுக்கி வைத்தால், தரை தட்டும்போது கீல் மடங்க முடியாமல் முழு அடியும் படகின் உடம்பில் விழும். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகம் தாண்டியதும் கம்பி அதிர்ந்து ரீங்காரமிடும், விருந்தாளிகள் பயந்துபோவார்கள். அதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் நங்கூரத்தில் நிற்கும்போது ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்டால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. இருபக்கமும் வாஷர் கொடுத்து இடைவெளியை அடைக்க வேண்டும்.

காக்பிட்டில், அதாவது பின்பக்கத் திறந்த இருக்கைப் பகுதியில், ஆறு பேர் உட்காரலாம், நாலு பேர் என்றால் வசதி. ஆறு பேரும் பின்னால் நெருக்கினால் பின்பக்கம் தாழ்ந்து, வடிகால் துளைகள் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். எடை கூடியவர்களைக் கேபின் வாசல் பக்கம் உட்கார வையுங்கள். புடவை முந்தானையும் துப்பட்டாவும் வின்ச்சில் சிக்கும். கயிறு இழுக்கும் நேரத்தில் அது நிஜமான ஆபத்து, அதனால் ஏறும்போதே இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பெரிய பாயின் அடியில் உள்ள பூம் என்ற குறுக்குக் கழி திரும்பும்போது கொடுக்கும் குரலையும் கரையிலேயே பழக்கிவிடுங்கள். ‘தலை!’ என்றால் யோசிக்காமல் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

டெக்சஸ் சட்டப்படி 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். நம் வீட்டுப் பெரியவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நிறைய, எல்லோருக்கும் போட்டே விடுங்கள். 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 14 அடிக்கு மேற்பட்ட பாய்மரப் படகை ஓட்டப் படகுக் கல்விச் சான்றிதழ் வேண்டும்.

காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும், கோடையில் மதியத்துக்கு மேல் வலுக்கும். 12 நாட் வரை முழுப் பாய். 15 வந்தால் பெரிய பாயில் ஒரு ரீஃப் போட்டுச் சுருக்கிவிட வேண்டும், அதுவும் கரையை விட்டுக் கிளம்பும் முன்பே. 20 என்று முன்னறிவிப்பு சொன்னால் பிள்ளைகளோடு போக வேண்டாம். 20 பாகைக்கு மேல் சாய்ந்தால் வேகம் கூடாது, சுக்கான்தான் கனக்கும், அம்மாக்கள் முகம் வெளுக்கும். பலத்த காற்றில் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி மூடிகளைத் தாழிடுங்கள், கேபின் வாசல் பலகைகளையும் போட்டுவிடுங்கள். படகு ஒருக்களித்து விழுந்து அந்த வழியாகத் தண்ணீர் நிறைந்தால் மூழ்கும், தானாக மிதக்கும் என்று நம்ப வேண்டாம்.

கிளியர் லேக்கிலிருந்து கீமா பாலத்தடியில் வெளியே வந்தால் விரிகுடா. விரிகுடாவின் கிழக்குப் பக்கம் போய் நங்கூரமிட்டுப் புளியோதரை சாப்பிட ஆசை வந்தால், இடையில் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் குறுக்கிடும். 700 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் 4 நாட் வேகத்தில் கடக்க ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். 10 நாட் வேகத்தில் வரும் டேங்கர் ஒரு கடல்மைலை 6 நிமிடத்தில் முடித்துவிடும், நமக்காக நிற்கவோ விலகவோ அந்தக் கப்பலால் முடியாது. பாயில் போகும் படகுக்கு முன்னுரிமை என்ற பேச்சு இங்கே செல்லாது, வழிவிட வேண்டியது நாம்தான். எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டு, இருபக்கமும் 2 கடல்மைலுக்குக் கப்பல் இல்லாதபோது செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். கப்பல் போன பிறகும் வேலை முடிவதில்லை. அதன் அலை ஆழமற்ற பகுதியில் எழும்பி நெடுந்தூரம் ஓடும், அதில் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களே உண்டு. பிள்ளைகளை உட்காரச் சொல்லி, அலையைச் சற்றுச் சாய்வாக முன்முனையில் வாங்குங்கள்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ‘நார்தர்’ அடித்தால் விரிகுடாத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு ஓரிரு அடி குறையும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஓர் அடி அளவுதான், அதனால் ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் திரும்பும்போது ரேம்பில் தண்ணீர் இருக்காது.

சிப்பித் திட்டு இருக்கும் பக்கம் வெறுங்காலோடு யாரையும் இறக்கக் கூடாது. சிப்பி ஓடு பிளேடு போலக் கீறும். வெயில் காலத்தில் இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ கிருமி இருக்கும். கீறல் பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சில மணி நேரத்தில் சிவந்து வீங்கி வலி கூடினால் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் புண்ணோடு தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

எஞ்சின் 4 முதல் 6 குதிரைசக்தி, நீளத் தண்டு (ஷாஃப்ட்) வகை. அது கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரில் காய்ந்து கோந்தாவதுதான். எத்தனால் இல்லாத பெட்ரோல் வாங்குங்கள். கரைக்கு வந்ததும், எஞ்சின் தண்ணீரில் இருக்கும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீரால் முதலில் டிரெய்லர் பிரேக்கையும் சக்கர பேரிங்கையும், அடுத்து கீல் அறையைக் கீழிருந்து மேலாகவும் அடித்துக் கழுவுங்கள். மேல்தளம் மறுநாள்கூடக் காத்திருக்கும்.